பிந்தியதே செல்லும்

காலை ஏழரைக்கு, இருட்டு பிரியாத அச்சாவோ துறையில்
மருத்துவப் படகு புகை விட்டுக்கொண்டிருக்க
நிவியா லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பாள்.
நிலையத்தின் வைஃபை
அந்தக் கைப்பிடிச் சுவர் வரைதான் எட்டும்.
அன்றைக்குப் போகிற தீவின் கோப்புகள்
நாற்பத்து மூன்று
ஒவ்வொன்றாய் இறங்கும். பச்சை டிக் விழும்.
கட்டுச்சோறு எத்தனை நாள் வரும் என்பார்கள்;
இது மாலை ஆறு வரை வந்தால் போதும்.

கட்டிக்கொடுத்தவன் நான்.
காஸ்த்ரோ ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில்
சர்வர் அறைக்குப் பக்கத்தில், ஜன்னல் இல்லாத மேஜை.
கடலை நான் பார்ப்பது
அவள் கணினி வலையிலிருந்து விழும் நேரத்தில்தான்:
7.52. இணைப்பு இல்லை.
படகு முனை திரும்பிவிட்டது என்று அர்த்தம்.

அதற்குப் பிறகு
அவளிடம் ஓர் ஆஸ்பத்திரி, என்னிடம் ஓர் ஆஸ்பத்திரி.
ஒன்றுக்கொன்று தெரியாமல்
நாள் முழுக்க இரண்டும் எழுதிக்கொண்டே போகும்.
சாயங்காலம் சேரும்போது
ஒரே கோப்பில் இரண்டு கையும் பட்டிருந்தால்
எது நிற்பது?
ஒரே வரியில் விதி எழுதியிருந்தேன்:
பிந்தியதே செல்லும்.
எழுதிய அன்று
அதைவிட நியாயமாய் எதுவும் தோன்றவில்லை.

ஆகஸ்ட், செவ்வாய், வடகாற்றும் மழையும்.
அபியாவோ தீவு.
டெலமிரோ ரெமோல்கோய், எழுபத்தெட்டு வயது, இடுப்பு மூட்டு,
காத்திருப்போர் பட்டியலில் மூன்று வருடம் இரண்டு மாதம்.
நிவியா போனபோது அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.
அவர் முந்தின இரவே போயிருந்தார்.
சேறு உலராத பூட்ஸோடு உட்கார்ந்து
11.20க்கு
உரிய கட்டத்தில் குறித்தாள்.
சேமித்தது.

மாலை 4.05. மூன்றாம் மாடி.
யாரோ ஒருவர் ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட
காலியான இடத்துக்கு
பட்டியலில் அடுத்த பெயரை ஏற்றினார்கள்.
செப்டம்பர் 14, காலை எட்டு மணி,
வெறும் வயிற்றோடு வரவும்.

6.17. படகு திரும்பியது.
இரண்டு ஆஸ்பத்திரியும் சேர்ந்தன.
என் விதி இரண்டு நேரத்தையும் பார்த்தது.
பதினொன்று இருபதைவிட
நாலு ஐந்து பிந்தியது.
டெலமிரோ பிழைத்துக்கொண்டார்.
பச்சை டிக்.
எந்த மணியும் அடிக்கவில்லை,
நான் பஸ்ஸுக்கு ஓடினேன்.

அடுத்த செவ்வாய் அந்தக் கடிதம்
அதே படகில், நிவியாவின் பையிலேயே போனது.
இரங்கல் கடிதம் என்று நினைத்தாளாம்;
உறைமேல் ஆஸ்பத்திரி முத்திரை, உள்ளே என்னவென்று யார் கண்டது?
பிரித்தது அவர் மனைவி ஓட்டிலியா.
கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு
இரண்டு தரம் படித்தாளாம்.
அழவில்லை. திட்டவுமில்லை.
"இந்த நாளை எர்னாவுக்குக் கொடுக்க முடியுமா?
அவளுக்கும் இடுப்புதான்,
வேலிக்கு அந்தப் பக்கம்தான் வீடு."

ஒரு கோடு சிக்னல் கிடைக்கும் மேட்டில் ஏறி
நிவியா எனக்குப் போன் செய்தாள்.
பாதி காற்றில் போயிற்று.
முழுசாய் வந்து சேர்ந்தது ஒன்றுதான்:
"நான் எழுதினேனே."

தோண்டிப் பார்த்தேன். எழுதியிருந்தாள்.
தோற்ற பிரதிகளுக்கென்று நான் ஒதுக்கிய மூலையில்
முப்பது நாள் கெடுவோடு கிடந்தது அவள் எழுதியது.
இன்னும் இருபத்து மூன்று நாள் பாக்கி.

விதியை அழித்துவிட்டேன்.
இரண்டு கை பட்ட கோப்பு இப்போது சேராது.
மஞ்சள் முக்கோணத்தோடு இரண்டாகவே நிற்கும்,
யாராவது ஓர் ஆள் வந்து
இரண்டையும் படிக்கும்வரை.
வேலை கூடிவிட்டது என்று மூன்றாம் மாடியில் முணுமுணுப்பு.
கூடியிருக்கிறதுதான்.

எர்னாவுக்கு அந்த நாள் கிடைக்கவில்லை.
பட்டியலில் அவள் அறுபத்தொன்று.
அதற்கு எழுத என்னிடம் விதி ஏதும் இல்லை.

இன்று 7.49க்கே விழுந்துவிட்டது இணைப்பு.
காற்று சாதகம் போல.